ரெண்டாம் மாடியில நம்ம வூடு

அஸ்ரின் கண்ணு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாஸ்டல்ல போன் தரமாட்டாங்க, அதான் எழுதுறேன். பெரம்பலூர்ல நமக்கு வாடகைக்கு வூடு கிடைச்சிடுச்சுடி!

பழைய கட்டடம், ரெண்டாம் மாடி. வெளியில சுவரெல்லாம் பாசி. ஆனா கதவத் தொறந்தா புது டைல்ஸ், புதுக் குழாய், சமையக்கட்டு பூரா வெளிச்சம்! உனக்குத் தனி ரூம்.

ஓனர் அம்மா வெற்றிச்செல்வி, "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?"ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்விக்கு அப்புறம் இதுவரைக்கும் யாரும் வூடு குடுக்கல. "நானும் என் பொண்ணும் மட்டும்தாங்க"ன்னேன். என் கையில காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்தாங்க. அப்புறம், "கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுத் தரேன். சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்"னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நேத்தே குடிவந்துட்டேன். உங்கத்தா என்னைத் தேடி ஹாஸ்டலுக்கு வந்தா விலாசம் மட்டும் சொல்லிடாதே. லீவுக்கு மாமா வூட்டுக்குப் போகாம நேரா இங்க வா.

இன்னிக்குக் காலையில கண்ணாடித் தட்டு கைதவறி விழுந்து சிதறிடுச்சு. அப்படியே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாரும் கத்தல. சிரிச்சுக்கிட்டே கூட்டி அள்ளினேன்டி!

துஆவுடன்,
உன் அம்மா