உப்புக்கரையில் நீங்கள் வைத்த தென்னை

சேறு காயாத காலோடு அடுப்படி வரை வந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் பிரியமான அப்பாவுக்கு,

நல்ல சேதி ஒன்று கிடைத்ததும் எழுதலாம் என்றிருந்தேன். கிடைக்கவில்லை. இனியும் பொறுக்க முடியாமல் பாதிச் சேதியோடு எழுதுகிறேன்.

கிள்ளான் ஆற்றோரத்து நம் நிலம் இப்போது நம்முடையது இல்லை, அப்பா. ரயில்வே வேலையை விட்டபின் வருஷா வருஷம் நில ஆபீசுக்குப் போய்ப் புதுப்பித்து வந்தீர்களே, அந்தத் தற்காலிக லைசென்ஸ் உங்களுக்கு மட்டும் கொடுத்ததாம். நீங்கள் கண்ணை மூடியதோடு அதுவும் போய்விட்டதாம். பெண்டாட்டிக்கும் வராதாம், பிள்ளைக்கும் வராதாம். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து இதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தாள். சிங்கப்பூர் வரை போய்ப் படித்தவள் ஆயிற்றே, ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா பேருக்கு நிரந்தரப் பட்டா கேட்டு மனுப் போட்டோம். ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார் என்றார்கள். அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாலும் என் நினைப்பு வெண்டைப் பாத்தியில்தான். "டீச்சர், எழுத்து பலகைய விட்டு வெளிய போவுது!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்கள் பயம் முழுக்க உங்கள் தென்னையைப் பற்றித்தான். லைசென்ஸ் நிலத்தில் காய்கறி, மரவள்ளி, வாழை போடலாம். காலத்துக்கும் நின்று காய்க்கிற மரம் வைக்கக்கூடாது. வைத்தால் நிபந்தனையை மீறியதாகிவிடும். நான் பிறந்த அன்று, பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து வந்து பிரசவம் பார்த்த மக் சித்தி தன் வீட்டுத் தென்னம்பிள்ளை ஒன்றைக் கொடுத்தாள். என் தொப்புள்கொடியை, ஆற்று உப்புத்தண்ணீரைத் தடுக்கும் மண்கரையில் புதைத்து அதன்மேல் நீங்கள் அதை நட்டீர்கள். அவர்கள் கம்பத்து வழக்கம் அது, உங்களுக்கும் பிடித்துப்போயிற்று. அதன்பின் அந்தக் கரையோரம் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவரவர் பங்குக் கரையில் ஒரு தென்னை. நிபந்தனை தெரிந்துதான் வைத்தீர்களா அப்பா? இல்லை, படித்துச் சொல்ல ஆளில்லையா?

துரை வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி கோவிந்தன் மாமா பாராங் கத்தியோடு வந்துவிட்டார்.

"அக்கா, தொர கண்ணுல பட்டா அவ்ளோதான்லா. வெட்டிப் போட்டு மேல மண்ணத் தள்ளிருவோம்."

"எம்புள்ள கொடியப் பொதைச்ச எடம்டா அது," என்றாள் அம்மா. பிறகு அவளே, "மரமா நெலமான்னு கேட்டா என்ன சொல்றது? வெட்டு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரைமேல் மக் சித்தி ஓடிவந்தாள். "ஜாங்ஙான்! ஜாங்ஙான்! வெட்டாதே! வேர் அழுகினால் கரை உடையும். உப்புத்தண்ணீர் உன் வெண்டைக்காயோடு நின்றுவிடுமா? என் வீட்டுக்கும் வரும்!" என்று மலாயில் கத்திக்கொண்டே மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமா கத்தியைக் கீழே போட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி, தானா மொளைச்சதுன்னு சொல்லிருவோம். ஆத்துல மெதந்து வந்த காயி. இங்கிலீஷ்ல நீதாம்மா சொல்லணும்."

மிதந்து வந்த காய்கள் இப்படி வரிசையாகவா முளைக்கும்? இருந்தாலும் சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை கிராணியோடு துரை வந்தார். பாத்திகளைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார். கரையேறி என் மரத்தடியில் நின்று, "இதை யார் வைத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்த நேரத்தில் உங்கள் நினைவுதான் வந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசேன், கேப்போம்," என்பீர்கள். நான் வெட்கப்பட்டு அடுப்படிக்குள் ஓடிவிடுவேன். ஒரு வார்த்தைகூட நீங்கள் கேட்டதில்லையே.

"என் அப்பா வைத்தார். நான் பிறந்த அன்று," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வேர் கரையைப் பிடித்திருப்பதையும், கரை உப்பைத் தடுப்பதையும், இது உடைந்தால் எத்தனை வீட்டுப் பயிர் கருகும் என்பதையும் சொன்னேன். அவர் என் வயதைக் கேட்டார். சொன்னேன். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கிராணி மட்டும் போகும்போது பின்தங்கி நின்றார். "நீ சொன்னது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்கே தெரியலம்மா. நிபந்தனைய மீறினதுக்கும் அந்த மரந்தான் சாட்சி, இத்தன வருஷமா நீங்க இங்கதான் இருக்கீங்கன்னதுக்கும் அதே மரந்தான் சாட்சி. தொர எதை எடுத்துக்குவாரோ."

மாமா என்னோடு பேசுவதில்லை. "வாயே தொறக்காத புள்ள, தொறந்து கெடுத்துருச்சு," என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். அம்மா அன்று சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "நீ என்ன பேசினேன்னு எனக்கு வெளங்கல. ஆனா கொரலு நடுங்கல." அது தப்பு அப்பா. நடுங்கியது. இப்போதும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். நான் சொன்ன உண்மையால் அம்மா நிலத்தை இழந்தால் நான் என்ன செய்வேன்?

பதில் இன்னும் வரவில்லை. பௌர்ணமி வருகிறது, கடல் பொங்கி ஆறு ஏறும். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தா உப்புத்தண்ணீர் வரப்போகிறது? நேற்று அம்மாவும் மக் சித்தியும் கூடையில் மண் சுமந்தார்கள். நானும் சுமந்தேன். என் மரத்தடியில் கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். வேண்டாம் என்று பதில் வந்தால், அந்த ஜன்னலுக்கு முன்னால் மறுபடியும் போய் நிற்பேன். இந்தத் தடவை அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்க மாட்டேன். எந்தப் பதில் வந்தாலும் பௌர்ணமிக்குள் கரையை உயர்த்திவிடுவோம்.

அந்தத் தென்னையோடு கூடப் பிறந்த உங்கள் மகள்,
கமலம்