கமலாவின் முன்பல்

இன்று மலாக்கா ஆயர் குரோவில் ஒரு கிளினிக்கில் எனக்குப் பல் அடைத்தார்கள். கிராம்பு எண்ணெய் வாடை வந்ததும், கல்யாணமான நாளிலிருந்து நான் துவைத்த உங்கள் சட்டைதான் ஞாபகம் வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாடை அது. "பயப்படாதீங்கம்மா, உயிருள்ள செல்லுல வச்சுச் சோதிச்ச மருந்துதான் இது" என்றாள் அந்த டாக்டர் பெண். அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருஷம். காஜா பெராங்கில் நம் கிளினிக்குக்குப் பல்லின் நிறத்திலேயே ஒரு புதுச் சிமெண்ட் வந்தது. வெள்ளி அடைப்பைப் போல முன்பல்லில் கறுப்பாகத் தெரியாது. "குழிக்குள்ள காப்புக்குன்னு எதுவும் பூச வேணாம் டாக்டர், நேரா அடைச்சிடலாம்" என்றார் விற்க வந்தவர். நம்பினீர்கள். என் தங்கை கமலாவுக்குத்தான் முதலில் அடைத்தீர்கள். அவள் கண்ணாடி பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சில மாதங்களில் அந்தப் பல் உள்ளேயே செத்துக் கறுத்தது. அவளைப் பெண் பார்க்க செமாபோக்கிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா நேராகவே கேட்டார். "பொண்ணுக்குப் பல்லு ஏன் இப்படி இருக்கு? ஏதாச்சும் சீக்கா?"

கமலா வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "அவ மேல ஒரு குறையும் இல்லம்மா. என் கையால கெட்ட பல்லு அது."

என் அப்பா உங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த வாரமே சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினோம். உங்களோடு படித்தவர் அங்கே கண்ணாடித் தட்டுகளில் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் நம் சிமெண்ட் துண்டை வைத்தார். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்தீர்கள். ஓரத்தில் செல்கள் நெருக்கமாகப் படர்ந்திருந்தன. துண்டைச் சுற்றிச் செத்துச் சுருண்ட துணுக்குகள் மட்டும். "வாயில வைக்கிறதுக்கு முன்னாடி இதச் செஞ்சிருக்கணும்" என்றீர்கள்.

பிறகு அந்தச் சிமெண்ட் அடைத்துக்கொண்டவர்கள் வீடு வீடாக நடந்தோம். சிலர் திட்டினார்கள். தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் சிட்டிகள் வீட்டு அம்மா ஒருவர் மலாயில் பரவாயில்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். திட்டியவர்களைவிட அவர்தான் உங்களை அதிகம் கூனவைத்தார். "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரியவா போகுது?" என்று ஒருவர் கேட்டார். "நாளைக்கு வேற யாராச்சும் அதையே அடைக்க வந்தா, வேணாம்னு சொல்ல உங்களுக்குத் தெரியணும்ல" என்றீர்கள். கிளினிக்கில் கூட்டம் குறைந்தது.

கமலாவுக்குப் பல்லை எடுத்துக் கட்டுப்பல் வைத்தீர்கள். சம்பந்தம் வேண்டாம் என்று போயிருந்த செமாபோக்காரர்கள், மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றதால் திரும்பி வந்தார்கள். கல்யாணத்தன்று எல்லோரும் படத்துக்கு நின்றபோது, "அக்கா பக்கத்துல அத்தானுக்கு இடம் விடுங்க" என்றாள் கமலா. எல்லோரும் நகர்ந்தார்கள். நீங்கள் படம் எடுப்பவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம் என்று கையசைத்தீர்கள்.

அந்தப் படம் என் அறையில் இருக்கிறது. என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. தாத்தா ஏன் இதில் இல்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், வெட்கப்பட்டார் என்கிறேன். கூச்ச சுபாவம் போல என்று சிரிக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அந்த வெட்கத்தில் பாதி எனக்கும் உரியது. அதை யாரிடமும் இறக்கிவைக்க மனம் வரவில்லை.