மூச்சை விட்டு அளவு கொடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். மாடிப்படி ஏற முடிகிறதா என்று எழுதுங்கள். நான் நலம்.

பெருந்தொற்றுக்குப் பிறகு எங்கள் தையல் கடையில் அளவெல்லாம் வீடியோவில்தான். அவரவர் வீட்டில் டேப்பைச் சுற்றிக் காட்டுவார்கள். நான் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஆனால் தைத்து அனுப்பியவை இறுக்கம் என்று திரும்பி வந்துகொண்டே இருந்தன. "இந்த வீடியோ வேலையையே நிறுத்திடலாம் ஆன்ட்டி" என்றாள் முதலாளிப் பெண். நிறுத்தினால் எனக்கும் அங்கே இடமில்லை. இவர் போன பிறகு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன்?

மறுநாள் ஒரு வங்கி அதிகாரி வயிற்றை எக்கிக்கொண்டு திரையில் நின்றார். நமக்குத் தையல் சொல்லித்தந்த கான்வென்ட் சிஸ்டரின் அதட்டல் குரல் என் தொண்டைக்கு வந்துவிட்டது.

"மூச்சை விடுங்க சார்."

"விட்டுட்டேனே!"

"அப்ப உங்க விலாசத்தை முழுசா சொல்லுங்க."

எக்கிய வயிற்றோடு யாரால் விலாசம் சொல்ல முடியும்? பின்னாலிருந்து அவர் மனைவி சிரித்தாள். "தெருப் பேரு வர்றதுக்குள்ள தொப்பை வந்துடுச்சு பாருங்க!"

இப்போது எல்லோரும் விலாசம் சொல்லித்தான் அளவு தருகிறார்கள். துணிகள் திரும்பி வருவதில்லை. முதலாளிப் பெண் எனக்குப் பெரிய திரையாக வாங்கி வைத்திருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு ரவிக்கை தைத்து அனுப்புகிறேன். பழைய அளவு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுங்கள். நீங்கள் வயிற்றை எக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் விலாசத்தைச் சொல்லுங்கள், கதவு எண்ணிலிருந்து நிதானமாக. நம் வீட்டு விலாசத்தை இங்கே யாரும் சொல்வதில்லை.

கடை திறக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் தங்கை