மூன்று நட்சத்திரமும் ஒரு பிரசவ விடுதியும்

மார்செய், பிரான்ஸ்
2 ஜனவரி 1998

அன்புத் தங்கை ஃப்ரேஹாவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். என் எதிர் வீடு காலியாக இருக்கிறது. உனக்காகச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பார்களாம்.

அந்த ஊரில் நம் ஆட்கள் என்று உன்னையும் சேர்த்து நாலு கிழடுகள்தானே மிச்சம்! யூதச்சி நகரசபை உறுப்பினர் ஆகிவிட்டாள் என்று பேப்பரில் படம் போட்டார்கள், சரி. போதாதா? வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது.

உன் அக்கா,
மெஸ்ஸோதா

*

சீதி யூனுஸ், மொராக்கோ
8 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

ஒரே வார்த்தையில் எழுத எனக்கு எங்கே நேரம்! நம் பழைய தெருவில் இருக்கிற பிரசவ விடுதியை மூடிவிட்டு ஓட்டல்காரனுக்கு இடத்தைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அந்தத் தெருவில் இப்போது இருப்பதெல்லாம் முஸ்லிம் குடும்பங்கள். எனக்கு ஓட்டுப் போட்ட பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் பிள்ளை பெறுகிறார்கள்.

தலைவர் வாக்கெடுப்பை எந்த நாளில் வைத்திருக்கிறார் தெரியுமா? பதினேழாம் தேதி, சனிக்கிழமை! வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டு. "சனிக்கிழமை பேனா தொட மாட்டீங்களே மேடம், பாவம், வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

என் தோழி ரக்கியாவும் உறுப்பினர்தான். அவளிடம், "மூணு நட்சத்திரம் தெரிஞ்சா எங்க ஓய்வுநாள் முடிஞ்சிடும், உடனே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"அடிப் பாவி, இது ரமலான்! நோன்பு திறக்கச் சங்கு ஊதினதுக்கப்புறம் உன் நட்சத்திரத்துக்காக எவன் உட்கார்ந்திருப்பான்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே, "சரி, சங்கு ஊதற வரைக்கும் நான் பேசியே இழுக்கறேன். ஹரீரா கஞ்சியையும் அங்கேயே கொண்டுவரச் சொல்றேன்" என்றாள்.

வீட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஃப்ரேஹா

*

மார்செய்
13 ஜனவரி 1998

ஃப்ரேஹா,

கையெழுத்தைப் போட்டுத் தொலை! இல்லை, போடாதே. அப்பா கடையில் எத்தனை நஷ்டம் வந்தும் சனிக்கிழமை பேனாவைத் தொட்டதில்லை. கடவுளே, என்னை எதில் கொண்டுபோய் மாட்டிவிட்டாய்! எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் உனக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வந்துவிடு.

மெஸ்ஸோதா

*

சீதி யூனுஸ்
20 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

தோற்றுவிட்டோம்.

ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாதே, நடந்தேதான் போனேன். ரக்கியா சாக்கடையைப் பற்றிப் பேசினாள், பேசினாள், தலைவரே கொட்டாவி விடும்வரை பேசினாள். சங்கு ஊதியது. அவள் மருமகள் பானையோடு வந்தாள். நம்பு, அப்போது ஒருவரும் எழுந்து போகவில்லை. ஓட்டல்காரன் கட்சி ஆட்களும் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தார்கள்! ஆனால் வானம் முழுக்க மேகம். மாடியில் நின்ற ரக்கியா "ஒண்ணு தெரியுது! ஐயோ, அது கப்பல் விளக்கு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் ஓட்டுப் போட வேண்டிய உறுப்பினர் அர்பி, கஞ்சி குடித்ததும் "தொழுகைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்று போனவர்தான். நட்சத்திரம் வந்தது, நான் கையெழுத்துப் போட்டேன், அர்பி வரவில்லை. ஓட்டு இரண்டு பக்கமும் சமம். தலைவர் தன் ஓட்டை ஓட்டல்காரன் பக்கம் போட்டு முடித்துவிட்டார்.

நேற்றுக் காலை தெருப் பெண்கள் எல்லோரும் என் வாசலில் நின்றார்கள். மீன்காரி ஹத்தூம் இருக்கிறாளே, அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"உன் நட்சத்திரம் வர்ற வரைக்கும் என் மருமகளோட இடுப்பு வலி காத்துக்கிட்டு இருக்குமா, சொல்லு!"

வெட்கமாக இருந்தது அக்கா. அந்த நிமிஷம் உன் எதிர் வீட்டை நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஹத்தூம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, ராபாத்துக்குப் போய் மந்திரிகிட்ட மனு கொடுக்கணும்ல, எப்போ கிளம்பறே? நாங்களும் பஸ்ல வர்றோம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். திரும்பறதுக்குள்ள இருட்டிடும், உனக்குச் சனிக்கிழமை தொடங்கிடும்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் திட்ட ஆரம்பித்தாள்.

ரமலான் முடிந்ததும் திங்கட்கிழமை கிளம்புகிறோம். சாவியைக் கொடுத்துவிடு அக்கா.

ஃப்ரேஹா

*

மார்செய்
27 ஜனவரி 1998

ஃப்ரேஹா,

சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும்வரை எனக்கு எழுதாதே.

ராபாத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் எழுது.

மெஸ்ஸோதா