வாசல் விட்டத்தைவிட ஒரு சாண் உயரம்

பண்ணை வீடு, நெப்ராஸ்கா
ஜூன், சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் கோரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றுகளும் சுகம், மழையும் இந்த வருஷம் நம்மை மறக்கவில்லை. அங்கே லூசியானாவில் நீ, டேரன், டெஸ்ஸா, கால்வின், உன் வயிற்றில் இருக்கும் மூன்றாவது, பர்லி நாய், பூனை பிக்கிள் என்று இத்தனை உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். எல்லார் பேரையும் வரிசையாகச் சொல்லி நான் ஆமென் போடுவதற்குள் உன் அப்பா குறட்டை விட ஆரம்பித்துவிடுகிறார். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். மேட்டு மேய்ச்சலுக்கு ஏறிப் போனால்தான் இங்கே சிக்னல். ஏறிப் போய்க் கூப்பிட்டால் உன் பக்கம் கால்வின் கத்துகிறான், பர்லி குரைக்கிறது, அம்மா அப்புறம் கூப்பிடறேன் என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டபடி வியாழக்கிழமை நார்த் பிளாட் வரை போய் பிக்கப் வண்டியில் கொக்கி போட்டு இழுக்கிற அந்த இரண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தோம். அப்பாவுக்கு முதலில் மனசே இல்லை. வீட்டை முதுகுல கட்டிட்டு ஊர் ஊரா அலைய உன் மருமகன் என்ன ஆமையா என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புயல் அடித்த ஊருக்கெல்லாம் ஓடிப் போய்க் கம்பத்தில் ஏறி ஜனங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பையனுக்கு, போகிற இடத்திலெல்லாம் நாய் இருக்கா, பூனை இருக்கா, குழந்தை எத்தனை என்று கேட்டு வீடு தர மாட்டேன் என்கிறார்கள், அவன் வேறு என்ன செய்வான் என்றேன். மூணு வருஷமா அவங்க இங்க வராததுக்கு அதுதானே காரணம், அவ்வளவு பெரிய நாயை எந்த மோட்டல்காரன் உள்ள விடறான், சொந்த வீட்டையே இழுத்துட்டு வந்தா வேலைக்கும் வேலைக்கும் நடுவுல நம்ம முற்றத்துல வந்து மாசக்கணக்கா நிக்கலாமே என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

நம் நாய் டல்லியையும் கூட்டிக்கொண்டு போனோம். நாய் இருக்கிற குடும்பத்துக்கு வாங்கும்போது நாயைக் கேட்காமல் வாங்கக்கூடாது என்பது உன் அப்பாவின் சட்டம். கடைப் பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் நிற்கவில்லை. முதலில் சின்னதைக் காட்டினான். பொத்தானை அழுத்தினால் நீளுகிற பக்கவாட்டு அறைகளையெல்லாம் வெளியே நீட்டி, எல்லா விளக்கையும் போட்டு, மேசையில் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு மாளிகை போல ஜோடித்திருந்தான். நான் மயங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை. உன் அப்பா மட்டும் நடுவில் நின்றுகொண்டு, தம்பி, எல்லாத்தையும் உள்ள இழு என்றார். சார், மூடி வெச்சு யாரும் பார்க்க மாட்டாங்க சார், நல்லாருக்காது என்று அவன் இழுத்தான். ரோட்டுல மூடிட்டுத்தானேப்பா போவாங்க, விரிச்சுட்டா போவாங்க என்று இவர் விடவில்லை. அவன் பொத்தானை அழுத்தினான். சோபா ஒரு பக்கமும் சமையல் மேடை மறு பக்கமும் எங்களை நோக்கி நகர்ந்து வந்தன, நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டேன். குளிர்ப்பெட்டிக் கதவு பாதிகூடத் திறக்கவில்லை, கழிவறைக்குப் போக ஒரு பூனை வேண்டுமானால் நுழையலாம். டல்லி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது, சிரித்துவிட்டேன். அப்புறம் நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டுகிற மழையில் டெஸ்ஸா அம்மா அவசரம் என்று துள்ளுவதையும், ரோட்டோரத்தில் சரிந்து நிற்கிற வண்டியில் அறைகளை விரிக்க முடியாமல் நீ தவிப்பதையும் நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. படியும் சரியில்லை, மடித்து வைக்கிற இரும்புப் படி, இடைவெளியில் கீழே தரை தெரிகிறது. ஏறும்போதே டல்லி மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது, அப்பாதான் தூக்கிக்கொண்டு ஏறினார். இடுப்பு வலிக்காரன் பர்லியை நீ பிள்ளைத்தாய்ச்சியாக எத்தனை தடவை தூக்குவாய்?

பெரியது வேறு கதை. பின்னால் பிள்ளைகளுக்கென்று அடுக்குக் கட்டில் போட்ட தனி அறை, அதற்குத் தனிக் கதவு. எல்லாவற்றையும் உள்ளே இழுத்த பிறகும் கழிவறைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் தாராளமாக வழி. உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் தொட்டில் வைக்க இடமிருக்கிறது, நான் கையை விரித்துப் பார்த்தேன். பூனையின் மண்தொட்டியைக் கீழே சாமான் அறையில் வைத்து மேலிருந்து சின்னக் கதவு வெட்டிக் கொடுக்கிறேன் என்று அப்பா உடனே தச்சராகிவிட்டார். படி அகலம், கால் ஊன்றித் தரையிலேயே நிற்கிறது. டல்லி தானாக ஏறிப் போய்ப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டது. நீ அனுப்பிய, டேரனின் பிக்கப் கதவில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டின் படத்தை வைத்துக்கொண்டு அப்பா அந்தப் பையனோடு நெடுநேரம் மல்லுக்கட்டினார். அவன் காலி வண்டியின் எடையையே சொல்கிறான், இவர் தண்ணீர், துணிமணி, டேரனின் சாமான், மூட்டை நாய்த்தீனி எல்லாம் உன் தாத்தாவா சுமப்பார் என்கிறார். எல்லாம் ஏற்றினாலும் கொக்கியில் இறங்குகிற பாரத்தை பின்னால் இரட்டை இரட்டையாகச் சக்கரம் போட்ட டேரனின் பிக்கப் தாங்கும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டு, இதுதான் என் பேரப்பிள்ளைங்க வீடு என்று அதன் விலாவில் தட்டினார். தட்டிவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பார்த்ததோடு சரி, முகம் விழுந்துவிட்டது. பையனிடம் அளவு நாடா வாங்கி உயரத்தை அளந்தார். 

ஏன் என்று நம் வாசலுக்கு வந்ததும் தெரிந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, வேலிக் கம்பு ஒன்றை எடுத்து அந்த அளவுக்கு அடையாளம் போட்டு, நம் பண்ணை வாசலில் இரண்டு கம்பத்துக்கும் மேலே குறுக்காகக் கிடக்கிற விட்டத்துக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்தார். கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசிப் பெட்டியோடு சேர்த்தால் பெரிய டிரெய்லர் விட்டத்தைவிட ஒரு சாண் உயரம். சின்னது தாராளமாக நுழைந்துவிடும். டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கினா என்று கேட்டேன். காத்தை இறக்கினா விரக்கடை குறையும், சாணா குறையும் என்று எரிந்து விழுந்தார். பின்வழியாக வரவும் முடியாது, ஓடைப் பாலம் நம் டிராக்டருக்கே முனகுகிறது. அந்த விட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், உன் தாத்தா தன் கையால் ஏற்றியது, கோட்டின் மேல் பாதி நிலா போட்டு நம் மாடுகளுக்குச் சூடு வைக்கிற முத்திரை அதில் இருக்கிறது. போன வருஷம் வைக்கோல் லாரிக்காரன் அதைக் கொஞ்சம் தூக்கி வைக்கலாமே என்று கேட்டதற்கு, லோடை ரோட்டிலேயே இறக்க வைத்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு கட்டாகத் தானே உள்ளே இழுத்து வந்தவர் உன் அப்பா. அவரிடம் நான் என்ன பேச?

மறைக்காமல் சொல்கிறேன், கோரின். வியாழன் ராத்திரியும் நேற்றும் சின்னதையே வாங்கிக்கொள் என்று உனக்கு எழுத என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அது நம் வாசலில் நுழையுமே. ஜன்னலைத் திறந்தால் உன் விளக்கு தெரியுமே. காலையில் கால்வின் பைஜாமாவோடு ஓடிவந்து என் அடுப்படிக் கதவைத் தட்டுவானே. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தது, என்னைப் படத்தில் பார்த்தால் போன் பாட்டி என்கிறானாம். மூன்றாவது பிறந்தாவது என் மடியில் கிடக்காதா என்று இருக்கிறது. ஆனால் என் ஏக்கத்தில் நீ வாழ முடியாது. வருஷம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கப்போவது நீயும் பிள்ளைகளும்தான். அதனால் பெரியதையே எடுங்கள். இங்கே வரும்போது டவுனில் டிரெய்லர்கள் தங்குகிற ஆற்றங்கரை முகாமில் நிறுத்திக்கொள்ளலாம், நான் தினமும் வந்து பார்ப்பேன். விருந்தாளி மாதிரி வந்து விருந்தாளி மாதிரி திரும்புவேன், பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம். எந்த முகாமுக்குப் போவதானாலும் பர்லி எவ்வளவு பெரியது என்று முன்னாலேயே சொல்லிவிடு, போய் நின்ற பிறகு சண்டை வேண்டாம். நாயையும் பூனையையும் உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு வெயிலில் வெகுநேரம் வெளியே போகாதே, கரண்ட் போனால் அந்தப் பெட்டி அடுப்பாகிவிடும், இது மின்சாரக்காரன் பெண்டாட்டிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. நாளைக்குத் தபால் இல்லை, திங்கட்கிழமை போடுகிறேன்.

ஞாயிறு. இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. காலையில் அப்பா கோயிலுக்கு வரவில்லை, ஒரு கிடாரிக்குக் கால் சரியில்லை என்றார். நான் மட்டும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், நம் வாசலுக்கு வந்ததும் என்னவோ மாறியிருக்கிறது, சட்டென்று பிடிபடவில்லை. கம்பங்கள் இரண்டும் நிற்கின்றன, நடுவில் ஆகாயம் மட்டும் இருக்கிறது. விட்டம் புல்லில் கிடக்கிறது, முத்திரை மேல் பக்கமாக. பக்கத்தில் டிராக்டர், அதன் நிழலில் உன் அப்பா சட்டை நனைந்து, முழங்கை சிராய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கிடாரிக்குக் கால் எப்படி இருக்கு என்று கேட்டேன். அது நல்லாத்தான் இருக்கு என்றார். நான் குனிந்து புல்லில் கிடந்த முத்திரையைத் தொட்டேன். அவரே, முத்திரை மாட்டு மேலயேதான் இருக்கே, வாசல்ல இல்லாட்டி ஒண்ணும் தொலைஞ்சு போயிடாது என்றார். எழுந்துகொண்டே, எங்கப்பா இருந்திருந்தா என் தோலை உரிச்சிருப்பார் என்றார். டெஸ்ஸாவைக் கண்ணால பார்த்திருந்தா அவரே ஏணி போட்டுக் கழட்டியிருப்பார் என்றேன் நான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெரிய டிரெய்லருக்குக் கதவு எந்தப் பக்கம்னு பார்த்தியா என்று கேட்டார். எதற்கு என்றேன். உன் அடுப்படியைப் பார்க்கிற மாதிரி நிறுத்தணும்ல என்றார். வந்து பார்த்தால் முற்றத்துக் காட்டன்வுட் மரத்தடியில் புல்லை வெட்டி, தரையை மட்டம் பண்ணி, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளமும் தோண்ட ஆரம்பித்திருக்கிறார். அழுதுவிட்டேன், கோரின். வெயிலுக்குக் கண் எரிகிறது என்று அவரிடம் சொன்னேன், அவரும் ஆமாம் வெயில்தான் என்றார்.

இந்த வாரம் விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரை கடைக்காரப் பையன் பெரியதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பான், அதற்குள் டேரனைப் பேசச் சொல். ஆண்டவர் உங்கள் கொக்கியையும் சக்கரத்தையும் காக்கட்டும், கம்பத்தில் ஏறுகிறவனைக் காக்கட்டும், வயிற்றில் இருப்பது நல்லபடியாக வெளிச்சத்துக்கு வரட்டும். டெஸ்ஸாவுக்கும் கால்வினுக்கும் என் முத்தம், பர்லிக்கு ஒரு தட்டு, பிக்கிள் ஒப்புக்கொண்டால் அதற்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. நம் வாசலுக்கு வந்ததும் டேரன் பழைய நினைப்பில், விட்டம் இடிக்குமோ என்று வண்டியை நிறுத்தி, இறங்கி, மேலே பார்ப்பான். வேண்டாம் என்று சொல். நிற்காமல் உள்ளே வாருங்கள்.

அடுப்படி ஜன்னலோரத்திலிருந்து
உன் அம்மா
லோர்னா