பஸ்ரா எந்தப் பக்கம்?

மரியே வாழ்க
திண்டிவனம்
8.2.2004

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தோடு வந்த இங்கிலீஷ் படிவத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஓர் ஊர்ப்பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பஸ்ரா. கடிதத்தில் நீயோ, பக்கத்தில் புது வேலை, ஆறு மாதம் லாரி ஓட்ட வேண்டும், அம்மாவிடம் சம்மதக் கைநாட்டு வாங்கி அனுப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பக்கத்தில் என்றால் எங்கே? பக்கத்து ஊருக்குப் போக வீட்டில் எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள்?

மல்லாட்டைக் கடலை உடைக்கும் மில்லில் என்னோடு வேலை செய்யும் பூமாலை அக்காவைக் கேட்டேன். “குவைத்தோ கிவைத்தோ, எல்லாம் துபாய்தாண்டி. நாம பக்கத்துல மயிலம் போற மாதிரி போய்க்கினு வந்துக்கினு இருப்பான்” என்றார்கள். அம்மாவும் அப்படித்தான். இந்த ஞாயிறும் உனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாள். “துபாயில் பணிபுரியும் சின்னப்பராஜுக்காக” என்று சாமியார் வாசித்தார். நீ குவைத் போய் நாலு மாதமாகிறது. கோயிலில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எழுந்து சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கைநாட்டு இன்னும் வாங்கவில்லை. பதில் எழுது.

தங்கை,
ஜெசி


குவைத்
22.2.2004

அன்புத் தங்கை ஜெசிக்கு,

அந்த ஊர் எங்கே என்று எனக்கும் சரியாகத் தெரியாது. கேம்பில் எல்லோரும் “அந்தப் பக்கம்” என்றுதான் சொல்கிறார்கள். மேற்கொண்டு கேட்டால் சூப்பர்வைசருக்குப் பிடிப்பதில்லை. ரோடு நேராகப் போகிறதாம். பத்தாவதில் நாங்கள் இந்திய வரைபடத்தில் நாலு ஆறு குறித்தே பாஸானவர்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் போதும்.

என் அறையில் இருந்த தாண்டவராயன் தன் படிவத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அதன் பிறகு அவனிடமிருந்து சேதி இல்லை. வேலை அதிகமாக இருக்கும். மார்ச் முடிவதற்குள் என் படிவம் வராவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். நீ எட்டாவதோடு நின்றவள், இதில் உனக்கு என்ன தெரியும்? குழப்பாமல் வாங்கி அனுப்பு.

அண்ணன்,
சின்னப்பராஜ்


திண்டிவனம்
10.3.2004

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே அம்மா கைநாட்டு வைத்துவிட்டாள். “புள்ள பேஜாரு படறான், ஜல்தியா அனுப்புடி” என்று என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் நான் மில்லுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நின்ற பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். பியூன் அந்தோணிசாமி அண்ணன் பார்த்து, “இன்னா பாப்பா, டி.சி. வாங்க வந்தியா?” என்றார். வெளிநாடெல்லாம் இருக்கிற படம் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் பீரோ மேலிருந்து ஆசியாப் படத்தை இறக்கித் தூசி தட்டினார். “ஆபீசர் வந்தா மாட்டுவோம். போனா சுருட்டிருவோம். நீ படிக்கசொல்ல பாத்திருக்கியா?” நான் பார்த்ததே இல்லை.

தரையில் விரித்தோம். குவைத்தைக் காணவில்லை. “சின்ன ஊரு போலக்கீது. துபாய்க்குள்ள தேடு” என்றார். அவ்வளவு சின்ன நாடு அண்ணா, பெயரை எழுத இடமில்லாமல் கடலில் எழுதியிருக்கிறார்கள். துபாய் எங்கேயோ கீழே தள்ளி இருக்கிறது. பஸ்ரா உனக்கு நேர் மேலே. நடுவில் என் சுண்டுவிரல் நகம் வைக்கக்கூட இடமில்லை. ஆனால் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே எல்லாம் மஞ்சள். மஞ்சளில் இராக் என்று எழுதியிருக்கிறது.

போன வருஷம் பக்கத்து வீட்டு டிவியில் குண்டு போட்டதைத் தினமும் பார்த்தோமே, அந்த இராக். “பாவம், எந்த ஊரோ” என்று அம்மா சொன்னாளே.

அம்மாவிடம் சொன்னேன். “அது எங்கியோ நடந்த சண்ட. எம்புள்ள துபாய்ல இருக்கான்” என்கிறாள். எங்கே என்று தெரியாது என்று நீ எழுதியதை நான் நம்புகிறேன். தெரிந்தே எழுதியிருந்தால், இப்போது நான் செய்திருப்பதற்கு என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்று மில்லிலிருந்து வந்ததும் படிவத்தை எடுத்தேன். அம்மாவின் கைநாட்டைக் குறுக்கே வெட்டும்படி நீல மையால் அந்த எல்லைக்கோட்டைப் போட்டேன். கீழே குவைத், மேலே இராக் என்று எழுதினேன். மை காய்ந்ததும் மடித்து, இந்த உறைக்குள் வைத்துவிட்டேன்.

ஜெசி