மதுரை வண்டியில் இறங்குகிறவர்கள்

உடுமலைப்பேட்டை
12.6.2004

அன்புள்ள ஒச்சாயிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்தான். தொப்பை மட்டும் என்னைக் கேட்காமலே வளர்கிறது.

இது திருப்பூர் மாதிரி இல்லை. தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, ரயிலடி, அவ்வளவுதான். மதுரை வண்டி வந்துபோனால் ஊர் மறுபடி தூங்கிவிடும். அதில் வேலைக்கு வந்து இறங்கும் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளை மில் வேனில் ஏற்றுவதுதான் என் வேலை. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் அழுகிற பிள்ளையும் ஏறிவிடும் என்று முதலாளி கண்டுபிடித்திருக்கிறார்.

நேற்று ஒரு வேடிக்கை. பையோடு விழித்துக்கொண்டு நின்ற பிள்ளையிடம், "பயப்படாத தாயி, அப்பன் மாதிரி நான் இருக்கேன்ல" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அது சிரித்துவிட்டது.

"என்ன மாமா, என்னையத் தெரியலையா? அனுசுயா!"

நம் எதிர்வீட்டு ராக்கையா மகள்!

"நீங்க இருக்கீகன்னுதான் அப்பா அனுப்புச்சாரு. உங்க அபிராமியும் அடுத்த மாசம் வாரேன்னுச்சு."

வேனில் ஏற்றிவிட்டேன். டிரைவர் அப்புசாமி, "ஏனுங்க முனீஸண்ணா, இன்னைக்குப் பேச்சையே காணோமுங்க?" என்று கேலி செய்தார்.

என் பழைய போர்வையைப் பார்சலில் போடு. உன் சேலை என்றாலும் சரி, இங்கே குளிர்கிறது.

நம் மகளைப் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிடு, ரயில் ஏற்றாதே. வேன் உள்ளே போனதும் கேட்டைப் பூட்டுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு வெளியே விடமாட்டார்கள்.

சிக்னல் விழுந்துவிட்டது, ஓடுகிறேன். இதை ராக்கையாவிடம் படித்துக் காட்டாதே.

முனீஸ்